மட்டு மதிப்புச் சமன்பாட்டில் தப்பு எந்த வரியில் நுழைகிறது?

கேள்வி சுருக்கமாக இது: மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். மட்டு மதிப்புச் சமன்பாடுகளைப் போடும்போது ஒவ்வொரு படியும் சரியாகத்தான் தெரிகிறது, கடைசியில் விடை மட்டும் புத்தகத்தோடு ஒத்துவருவதில்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தும் தப்பு எங்கே என்று அவளுக்கும் பிடிபடவில்லை, எனக்கும் பிடிபடவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

திரும்பத் திரும்பப் படிப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். எழுதும்போது மனம் எதைச் சரி என்று நம்பியதோ, படிக்கும்போதும் அதையேதான் நம்பும்; பத்து முறை படித்தாலும் அந்த வரி சரியாகவே தெரியும். எண்ணைப் போட்டுத் தேடினால்தான் தப்பு அகப்படும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, பல வருடமாக டியூஷன் எடுக்கிறேன், இதைவிட நம்பகமான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

(புத்தகத்தில் எக்ஸ் என்று இருக்கும் மாறியை இங்கே ய என்று எழுதுகிறேன். மற்றபடி எல்லாம் அதேதான். இரண்டு நேர்கோடுகளுக்கு நடுவே |ய| என்று எழுதுவதுதான் மட்டு மதிப்பு, சுருக்கமாக மட்டு: பூச்சியத்திலிருந்து அந்த எண் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது.)

இந்தக் கணக்கை எடுத்துக்கொள்வோம்:

2|ய − 3| + 5 = 13

பெரும்பாலான பிள்ளைகள் முதல் வாரத்தில் இதை இப்படித்தான் போடுகிறார்கள்:

2(ய − 3) + 5 = 13 அல்லது 2(ய − 3) + 5 = −13
2ய − 1 = 13 அல்லது 2ய − 1 = −13
ய = 7 அல்லது ய = −6

புத்தகத்தில் விடை 7, −1. ஏழு சரி, மற்றது தப்பு. இப்போது அந்தத் தப்பான −6-ஐ எடுத்துக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு வரியிலும் போட்டுப் பாருங்கள். முதல் வரியில் ய − 3 என்பது −9, அதன் மட்டு 9, இரண்டால் பெருக்கி ஐந்தைக் கூட்டினால் 23. 13 வரவேண்டிய இடத்தில் 23. ஆகவே முதல் வரியில் −6 பொய். இரண்டாவது வரிக்கு வாருங்கள்: 2 × (−9) + 5 = −13. மெய்யாகிவிட்டது! மூன்றாவது வரியிலும் மெய், கடைசி வரியிலும் மெய். மேலே பொய்யாக இருந்த எண் முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில்தான் மெய்யாக மாறியிருக்கிறது. தப்பு அங்கேதான். அதற்குக் கீழே இருக்கும் கூட்டல் கழித்தலை எல்லாம் நோண்டிக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை.

புத்தகத்து விடையான −1-ஐ அதே மாதிரி இறக்கிப் பார்த்தாலும் அதே இடம்தான் காட்டும். முதல் வரியில் 2 × 4 + 5 = 13, மெய். இரண்டாவது வரியில் இடப்பக்கம் 2 × (−4) + 5 = −3, அது 13-ம் இல்லை −13-ம் இல்லை. அதே இடைவெளியில் ஒரு நல்ல விடை செத்துப்போயிருக்கிறது, ஒரு கெட்ட விடை பிறந்திருக்கிறது.

இடம் தெரிந்தபின் காரணம் தானாகத் தெரியும். 2|ய − 3| + 5 என்ற மொத்தமும் −13 ஆக ஒருநாளும் முடியாது, குறைந்தபட்சமே 5. ப்ளஸ், மைனஸ் என்ற இரண்டு வாய்ப்பும் கோடுகளுக்கு உள்ளே இருக்கும் ய − 3-க்கு மட்டும் சொந்தம். வெளியே நிற்கும் 2-க்கும் 5-க்கும் அதில் பங்கு இல்லை. ஆகவே முதலில் ஐந்தை அந்தப் பக்கம் அனுப்பி, இரண்டால் வகுத்து, மட்டைத் தனியாக நிறுத்த வேண்டும்: |ய − 3| = 4. இதற்குப் பிறகுதான் இரண்டாகப் பிரிக்கலாம்.

இந்த வகைக் கணக்குக்கு, அதாவது ஒரு பக்கம் மட்டு மதிப்பும் மறுபக்கம் வெறும் எண்ணும் இருந்தால், இன்னொரு குறுக்குவழியும் உண்டு. |ய − 3| = 4 என்பதை எண்கோட்டில் படித்தால் 'மூன்றிலிருந்து நான்கு தூரம் தள்ளி இருக்கும் எண்கள்' என்று பொருள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஆகவே இரண்டு விடைகளுக்கும் சரி நடுவில் 3 இருந்தே தீர வேண்டும். 7-க்கும் −1-க்கும் நடு 3, சரி. 7-க்கும் −6-க்கும் நடு அரை. அப்போதே தெரிந்துவிடும், எதையும் போட்டுப் பார்க்க வேண்டாம். |2ய − 5| = 9 என்றால் உள்ளே இருப்பது பூச்சியமாகும் இடம் 2.5, விடைகள் 7, −2, நடு 2.5. தேர்வறையில் ஐந்து விநாடியில் முடிகிற சோதனை இது. வலப்பக்கத்திலும் ய இருந்தால் மட்டும் இது செல்லாது, அதை மறக்க வேண்டாம்.

|3ய − 4| + 7 = 2 மாதிரி வருவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மட்டைத் தனியாக நிறுத்தினால் |3ய − 4| = −5. தூரம் மைனஸாக வராது, தீர்வு கிடையாது, அந்த வரியோடு பேனாவை மூடிவிடலாம். ஆனால் பிரித்துப் பழகிய கை அங்கே நிற்காது, பிரித்து 3 என்றும் −1/3 என்றும் இரண்டு எண்களைக் கொண்டுவந்துவிடும். இரண்டையும் மேலே போட்டால் இரண்டுக்குமே 12 வருகிறது, 2 வருவதில்லை.

சரி, உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். வலப்பக்கத்திலும் ய இருக்கும் கணக்கு.

|2ய − 1| = ய − 5

பிரித்தால் 2ய − 1 = ய − 5, அதில் ய = −4. இன்னொரு கிளையில் 2ய − 1 = −(ய − 5), அதாவது 2ய − 1 = −ய + 5, ய = 2. படிகளில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் இரண்டும் தப்பு. −4-ஐப் போட்டால் இடப்பக்கம் 9, வலப்பக்கம் −9. இரண்டைப் போட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது.

உங்கள் மகள் 'ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருக்கிறது' என்று சொல்வது பெரும்பாலும் இந்த மாதிரிக் கணக்கில்தான் இருக்கும். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எழுதிய படிகள் சரி. எழுதாமல் விட்ட ஒரு நிபந்தனைதான் கோளாறு. இடப்பக்கம் மட்டு, அது மைனஸாகாது. அதற்குச் சமமான ய − 5-ம் மைனஸாகக் கூடாது. ஆகவே ய குறைந்தது 5 ஆக இருக்க வேண்டும். பிரிக்கிற வரியிலேயே பக்கத்தில் 'ய ≥ 5' என்று எழுதியிருந்தால் −4-ம் 2-ம் வந்தவுடனே தள்ளியிருக்கலாம்.

வலப்பக்கம் மைனஸாகாமல் இருந்தால் போதும், உள்ளே இருக்கும் 2ய − 1-இன் குறியைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிக்கொடுங்கள். சில பிள்ளைகள் இரண்டையும் பார்க்கிறேன் என்று நான்கு நிபந்தனைகளை எழுதிவைத்து, அதில் ஒன்றைத் தப்பாகப் படித்து நல்ல விடையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கில் மைனஸ் குறியை அடைப்புக்குள் சரியாகப் பகிராமல் போகும் பழக்கமும் சேர்ந்துகொள்ளும். −(ய − 5) என்பதை −ய − 5 என்று எழுதிவிட்டால் ய = −4/3 வரும். அதைப் போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 11/3, வலப்பக்கம் −19/3. சமமில்லை, ஆகவே 'போலி விடை' என்று தள்ளிவிட்டு, தீர்வு இல்லை என்று எழுதிவிடுவாள், அது புத்தகத்தோடும் ஒத்துப்போகும்! தப்பு அப்படியே ஒளிந்துகொள்ளும். அடுத்த கணக்கில் கடிக்கும்.

இங்கேதான் நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லும் ஒரு விஷயம். விடையைப் போட்டுப் பார்க்கும்போது 'சமம், சமமில்லை' என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது. இரண்டு பக்கமும் என்ன எண் வந்தது என்று எழுத வேண்டும். சரியாகப் பிரித்து, கணக்கையும் சரியாகப் போட்டிருந்தால், தள்ளப்படும் விடைக்கு இரண்டு பக்கமும் ஒரே எண்தான் வரும், குறி மட்டும் எதிராக இருக்கும்: 9, −9. அல்லது 3, −3. ஏனென்றால் நாம் பிரித்ததே 'உள்ளே இருப்பது வலப்பக்கத்துக்குச் சமம், அல்லது வலப்பக்கத்தின் எதிர் எண்ணுக்குச் சமம்' என்றுதான். எண்ணின் அளவு எப்படியும் பொருந்தியாக வேண்டும், குறிதான் காலை வாரும். அளவே பொருந்தவில்லை, 11/3-ம் −19/3-ம் மாதிரி வந்தது என்றால் அது போலி விடை இல்லை, நடுவில் கூட்டல் கழித்தலிலோ குறியிலோ கை சறுக்கியிருக்கிறது. திரும்பிப் போய்த் தேட வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதித் தப்பு பிடிபட்டுவிடும்.

இன்னொரு பொறியும் இதே கணக்கில் இருக்கிறது. பிரிப்பதற்குப் பதிலாக இருபுறமும் வர்க்கப்படுத்திப் பார்க்கலாம் என்று சிலர் செய்வார்கள். 4ய² − 4ய + 1 = ய² − 10ய + 25, சுருக்கினால் ய² + 2ய − 8 = 0, அதாவது (ய + 4)(ய − 2) = 0. மறுபடியும் −4, 2. 'இரண்டு வழியில் போட்டேன், இரண்டிலும் அதே விடை, அப்படியென்றால் புத்தகம்தான் தப்பு' என்று ஒரு பையன் என்னோடு அரை மணி நேரம் வாதாடினான். அவன் வாதாடியது எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் வர்க்கப்படுத்துவதும் குறியை அழிக்கிற வேலைதான். 9-ம் −9-ம் வர்க்கத்தில் ஒன்றாகிவிடும். ஒரே ஓட்டையுள்ள இரண்டு வழிகள் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பதுதான் தீர்ப்பு. வர்க்கப்படுத்திய வரியில் போட்டுப் பார்த்தால் அது பொய்ச்சாட்சி சொல்லும்.

இதுவரை சொன்னதெல்லாம் வேண்டாத விடை உள்ளே வருவது. வேண்டிய விடை காணாமல் போவது வேறு வகை, அதைப் பற்றி வகுப்பில் குறைவாகத்தான் பேசுகிறார்கள் என்பது என் வருத்தம். 'போட்டுப் பார், சரியா என்று தெரிந்துவிடும்' என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கையில் இருக்கும் விடை சரியா என்று அது சொல்லும். கைக்கு வராத விடையைப் பற்றி அதனால் ஒன்றும் சொல்ல முடியாது.

|ய − 1| + |ய − 4| = 3

நான்கு கிளையாகப் பிரிக்கிறார்கள். இரண்டும் ப்ளஸ் என்றால் 2ய − 5 = 3, ய = 4. இரண்டும் மைனஸ் என்றால் −2ய + 5 = 3, ய = 1. முதலாவது ப்ளஸ், இரண்டாவது மைனஸ் என்றால் ய − 1 − ய + 4 = 3, அதாவது 3 = 3. 'ய போய்விட்டது, ஆகவே விடை இல்லை' என்று எழுதிவிட்டு, அடுத்ததில் −3 = 3 வருவதைப் பார்த்து அதற்கும் விடை இல்லை என்று எழுதி, 1, 4 என்று முடிப்பார்கள். போட்டுப் பார்த்தால் இரண்டும் அருமையாகப் பொருந்தும். ஆனால் 2-ஐப் போட்டுப் பாருங்கள்: 1 + 2 = 3. அதுவும் விடைதான். 3, 2.7, எதை வேண்டுமானாலும் போடுங்கள், 1 முதல் 4 வரை எல்லா எண்ணும் விடை.

இதைத் தூரமாகப் பார்த்தால் சந்தேகமே வராது. நேரான ஒரு சாலை, 1-ஆம் கிலோமீட்டர் கல்லில் ஒரு டீக்கடை, 4-ஆம் கல்லில் ஒரு பள்ளிக்கூடம். நான் எங்கே நின்றால் கடைக்கு என் தூரமும் பள்ளிக்கு என் தூரமும் சேர்ந்து 3 கிலோமீட்டர்? இரண்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் அவ்வளவுதான், கடைக்கு ஒரு அடி நெருங்கினால் பள்ளியிலிருந்து ஒரு அடி விலகுகிறேன். நடுப்பகுதியை விட்டு வெளியே போய் 6-ஆம் கல்லில் நின்றால் 5 + 2, ஏழாகிவிடும். இதே சாலையில் மொத்தம் 5 வேண்டும் என்றால் 0, 5 என்ற இரண்டு இடங்கள்; மொத்தம் 2 வேண்டும் என்றால் நிற்க இடமே கிடையாது.

ஆகவே 3 = 3 என்று வந்த கிளைதான் இந்தக் கணக்கின் உயிர். அந்தக் கிளைக்கு ஒரு நிபந்தனை இருந்தது, ய − 1 மைனஸாகக் கூடாது, ய − 4 ப்ளஸாகக் கூடாது, அதாவது 1 ≤ ய ≤ 4. சமன்பாடு எப்போதும் மெய் என்று வந்தால் அந்த நிபந்தனையே முழுவதுமாக விடை. −3 = 3 வந்த கிளைக்கோ ய ஒரே நேரத்தில் 1-க்கு மேற்படாமலும் 4-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும், அப்படி ஓர் எண்ணே கிடையாது. அதைப் பிரிக்கவே வேண்டாம்.

விடை காணாமல் போகும் இன்னும் இரண்டு இடங்கள், சுருக்கமாக. ய|ய| = 4ய என்பதில் இருபுறமும் ய-ஆல் வகுத்துவிட்டால் 4, −4 மட்டும் நிற்கும், 0 போய்விடும். அப்புறம் வர்க்கமூலம்: (ய − 3)²-இன் வர்க்கமூலம் 5 என்றால் ய − 3 = 5 என்று எழுதி 8-ஓடு நிறுத்திவிடுவார்கள், −2 போய்விடும். வர்க்கத்தின் வர்க்கமூலம் அந்த எண்ணே அல்ல, அதன் மட்டு.

இந்தத் தப்புகளில் பாதிக்கு மேல் ஒரே வேரிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். கீழ் வகுப்பில் 'மட்டு என்றால் மைனஸை எடுத்துவிடு' என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். |−7| = 7 வரைக்கும் அது ஓடும். மாறி வந்ததும் அதே விதியை வைத்து |ய − 3|-ஐ ய + 3 என்று எழுதுகிறார்கள், |−ய|-ஐ ய என்று எழுதுகிறார்கள். |ய| = −ய என்ற சமன்பாட்டைக் கொடுத்தால் 'மட்டு மைனஸாக வராதே, தீர்வு இல்லை' என்று அடித்துச் சொல்கிறார்கள். −ய என்பது மைனஸ் எண் என்று யார் சொன்னது? ய-இன் எதிர் எண், அவ்வளவுதான். ய = −6 என்றால் −ய என்பது 6. அந்தச் சமன்பாட்டுக்குப் பூச்சியமும் எல்லாக் குறை எண்களும் விடை. உங்கள் மகளிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள், அவள் சொல்லும் பதிலிலேயே அடிப்படை எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். தடுமாறினால் முதலில் |ய − 3| என்பதை 'ய-க்கும் மூன்றுக்கும் இடையே உள்ள தூரம்' என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். |ய + 2| என்றால் ய-க்கும் −2-க்கும் இடையே உள்ள தூரம். கடைக்கும் வீட்டுக்கும் எவ்வளவோ அவ்வளவுதான் வீட்டுக்கும் கடைக்கும், அதனால்தான் |5 − ய|-ம் |ய − 5|-ம் ஒன்று.

இந்தக் கோட்டுக் குறியை 1841-இல் கார்ல் வயர்ஸ்ட்ராஸ் என்ற ஜெர்மன் கணிதர் பயன்படுத்தினார். அழகான குறிதான், ஆனால் தொடங்கும் கோடும் முடியும் கோடும் ஒரே மாதிரி இருப்பதால் அடைப்புக்குறி போலத் திசை தெரியாது, கையெழுத்தில் 1 மாதிரியும் இருக்கும். |5 − ய| என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் 15 − ய என்று படித்த நோட்டுகளை நிறையவே பார்த்திருக்கிறேன். கோட்டை எண்களைவிட உயரமாகப் போடச் சொல்லுங்கள், 1-க்குத் தலையில் கொக்கி போடச் சொல்லுங்கள். சின்ன விஷயம், ஆனால் மதிப்பெண் போவது இதில்தான்.

நோட்டில் அவள் செய்ய வேண்டியது: பக்கத்தின் வலப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு இடம் விட்டு, பிரிக்கும் ஒவ்வொரு கிளைக்கும் நிபந்தனையை அங்கே எழுதட்டும். கடைசியில் போட்டுப் பார்க்கும்போது இரண்டு பக்கத்து எண்ணையும் அதே இடத்தில் எழுதட்டும். தப்பான வரியை ரப்பரால் அழிக்கவே கூடாது, ஒரு கோடு கிழித்துவிட்டுக் கீழே எழுதட்டும். அழித்துவிட்டால் எந்த வரியில் பொய் மெய்யானது என்று தேட வரியே இருக்காது.

இன்றைக்கே ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். |4 − ய| = 2ய + 1 என்ற கணக்கை யாரோ இப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்: 4 − ய = 2ய + 1, ஆகவே ய = 1; அல்லது 4 − ய = −2ய + 1, ஆகவே ய = −3; −3 பொருந்தவில்லை, அது போலி விடை, ஆகவே விடை 1 மட்டும். கடைசி விடை சரிதான், 1 மட்டும்தான். ஆனால் −3-ஐப் போட்டால் இடப்பக்கம் 7, வலப்பக்கம் −5 வரும். அந்த இரண்டு எண்களை மட்டும் காட்டி, இது நிஜமாகவே போலி விடைதானா, இரண்டாவது கிளையில் உண்மையில் என்ன எண் வந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். அவள் −5 என்று சொல்லி, அதைப் போட்டு 9-ம் −9-ம் வருவதைக் காட்டினால் அடுத்த பயிற்சிக்குப் போகலாம்.